ஐயாவின் கை விளக்கு: தனுஷ்கோடி ஸ்டேஷன் உயிரோடு இருந்த காலம் எப்படி?

பாம்பன் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாம்பன், பிழைப்புக்குத் திருப்பூரில் இருக்கிறேன். போன மாதம் ஊரில் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்து இறக்கினோம். பரணில், மக்கிப் போன வலைக் கயிற்றுக்கும் உடைந்த தொட்டில் கட்டைக்கும் அடியில் ஒரு கை விளக்கு கிடைத்தது. தகரத்தில் செய்தது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். முன்பக்கம் பெரிய உருண்டைக் கண்ணாடி. தலையில் உள்ள மூடியைப் பிடித்துத் திருகினால் உள்ளே ஓர் உருளை சுற்றுகிறது. ஒரு திருகலுக்குச் சிவப்பு, அடுத்ததற்குப் பச்சை, அப்புறம் வெள்ளை. பச்சைக் கண்ணாடியில் மட்டும் குறுக்கே ஒரு கீறல். பக்கவாட்டில் எஸ்.ஐ.ஆர். என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறது. இத்தனை வருசம் கழித்தும் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை வருகிறது.

விளக்கு எங்க ஐயாவுடையது. அப்பாவைப் பெற்றவர். தனுஷ்கோடி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டி ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பாயிண்ட்டைத் திருப்பிவிடுகிற ஆளாக இருந்தார். 1964 டிசம்பரில் எங்க அப்பா பிறந்து மூன்றாம் நாள் புயல் அடித்தது. பிள்ளையைப் பார்க்க லீவு போட்டுவிட்டு ஐயா தங்கச்சிமடத்தில் அப்பத்தாவின் தாய் வீட்டில் இருந்திருக்கிறார். அப்புறம் அவரை மானாமதுரைக்கு மாற்றிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான். அந்த ராத்திரியைப் பற்றி அவர் வீட்டில் வாயைத் திறந்ததே இல்லை என்று அப்பா சொல்கிறார். தனுஷ்கோடி என்று யாராவது பேச்செடுத்தால், "அங்கே வண்டி விட்டதைவிட மணல் அள்ளினதுதான் ஜாஸ்தி" என்று ஒரே வரி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாராம்.

நெட்டில் தேடினால் எங்கு பார்த்தாலும் "பேய் ஊர்", "அழிந்த நகரம்" என்ற வீடியோக்கள்தான். எல்லாமே புயலில் தொடங்கிப் புயலிலேயே முடிகின்றன. எனக்கு அது வேண்டாம். அந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தபோது எப்படி இருந்தது? மணல் திட்டின் கடைசி முனையில் எதற்கு ஒரு ரயில் ஊரைக் கட்டினார்கள்? அங்கே ஒரு பாயிண்ட்ஸ்மேன் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்திருப்பார்? தெரிந்தவர்கள் சொன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

பழைய கார்டு:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மீட்டர் கேஜ் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ரயில் கார்டு, ரிட்டயர் ஆகி ராமநாதபுரத்தில் இருக்கிறேன். நான் சேரும்போது தனுஷ்கோடிப் பாதை கிடையாது. ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் மூன்று பேர் அங்கே டூட்டி பார்த்தவர்கள். ராத்திரி டூட்டியில் அவர்கள் சொல்லக் கேட்டவையும் நானே தெரிந்துகொண்டவையுமாக எழுதுகிறேன்.

முதலில் விளக்கு. எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இண்டியன் ரயில்வே. 1951 ஏப்ரலில் அதையும் வேறு இரண்டு ரயில்வேக்களையும் சேர்த்துத்தான் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். ஆகவே விளக்கு அதற்கு முந்தையது. உங்கள் ஐயா அதற்குப் பிறகு சேர்ந்திருந்தாலும் பழைய விளக்கைத்தான் கையில் கொடுத்திருப்பார்கள், ஓட்டை விழாத வரை அது வேலை செய்யும். ஷண்டிங்கில், அதாவது இன்ஜினையும் பெட்டிகளையும் ஸ்டேஷனுக்குள் முன்னும் பின்னும் நகர்த்துகிற வேலையில், மற்ற இரண்டையும்விடப் பச்சைக்குத்தான் வேலை அதிகம். பச்சையை மெல்ல மேலும் கீழுமாக அசைத்தால் இன்ஜின் நம்மை விட்டு விலகிப் போக வேண்டும். உடம்புக்குக் குறுக்கே இடம் வலமாக அசைத்தால் நம்மை நோக்கி வர வேண்டும். சிவப்பைக் காட்டினால் நிற்க வேண்டும். கடல் காற்றில் டிரைவர் காதில் எந்தக் குரலும் விழாது, விளக்குதான் பேச்சு.

இனி அங்கே ஏன் ஊர் வந்தது என்று பார்ப்போம். 1914க்கு முன்னால் மெட்ராஸிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை வந்து, அங்கே கப்பலேறி, ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்து போனார்கள். மண்டபம் வரை ரயில் 1902லேயே வந்துவிட்டது. பாம்பன் கால்வாயைத் தாண்டினால் போதும், ராமேசுவரம் தீவின் கிழக்கு மூக்கிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். கடலில் மணல் திட்டுத் திட்டாக இருக்கிற ஆதம் பாலத்தின் மேலேயே தண்டவாளம் போட்டுவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். செலவுக் கணக்கைப் பார்த்து அதை விட்டுவிட்டு, பாம்பனில் பாலம், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் என்று முடிவு செய்தார்கள். 1911ல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24ல் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்பு கோட்டை வரைக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கப்பல் நின்று எத்தனையோ வருசம் ஆகியும் நாம் அந்த வண்டியைப் போட் மெயில் என்றேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அன்றைக்கு மெயின் லைன் பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்குப் போயிற்று. ராமேசுவரம் வெறும் கிளைப் பாதை. கொழும்பு போகிற பெட்டி ராமேசுவரம் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே போய்விடும். ராமேசுவரம் ரோடு என்று தனியாக ஒரு ஸ்டேஷன் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராமேசுவரத்தில் வண்டி நிற்பதை ரத்து செய்ததும், ஓடுகிற வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை எறிந்தது அந்தப் பக்கம்தான். கட்டுகளைப் பிடித்துச் சேகரித்த பையன்தான் பின்னாளில் ஜனாதிபதியான அப்துல் கலாம்.

அந்த வண்டியில் போன கூட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துரைமார்களும் வியாபாரிகளும் மேல் வகுப்பில் போனார்கள். ஆனால் பாதையை நிரப்பியவர்கள் கண்டி மலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனம்தான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று எத்தனையோ ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. இந்த ரயில், கப்பல் காலத்தில் அந்த நடை இல்லை. அதற்குப் பதில் மண்டபம் கேம்ப்பில் நாள் கணக்கில் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். தனுஷ்கோடி பிளாட்பாரத்தில் தகரப் பெட்டியோடும் கைக்குழந்தையோடும் கப்பலுக்குக் காத்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். தனுஷ்கோடி என்றால் ராமர், சேது, தீர்த்தம் என்று மட்டும் பேசுகிறோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில்வே குடியிருப்பு எல்லாம் வந்தது இந்த ஜனம் போய்வந்த போக்குவரத்தால். எனக்கு இதில் உறுதியான எண்ணம் உண்டு.

உங்கள் ஐயாவின் வேலைக்கு வருகிறேன். அது கடைசி ஸ்டேஷன். வண்டி வந்து நின்றதும் இன்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். பெட்டிகளைக் கப்பல் துறைக்குத் தள்ள வேண்டும், சரக்கு வேகன்களைப் பிரித்து ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் பாயிண்ட்டைத் திருப்புவது, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் போடுவது, விளக்குக் காட்டுவது எல்லாம் பாயிண்ட்ஸ்மேன். வழியிலுள்ள ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நின்று போகும். கடைசி ஸ்டேஷனில் ஒரு வண்டிக்கே மணிக்கணக்கில் வேலை. இதற்கு நடுவில்தான் மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கூட்டிவிட்ட பாயிண்ட்டில் மத்தியானம் மணல் நிறைந்திருக்கும். பாயிண்ட்டின் நாக்கு தண்டவாளத்தோடு ஒட்டி உட்காராவிட்டால் பெட்டி தடம் புரளும். அதனால் ஒவ்வொரு தடவையும் துடைப்பத்தால் கூட்டி, விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் லீவரை இழுப்பார்களாம். என் சீனியர் ஒருவருக்கு அந்தப் பழக்கம் திருச்சிக்கு மாற்றலாகிப் போன பிறகும் போகவில்லை. மணலே இல்லாத யார்டில் குனிந்து விரலை விடுவார். உங்கள் ஐயா சொன்ன ஒரு வரி நூற்றுக்கு நூறு நிஜம்.

சர்வீஸ் விவரம் வேண்டுமானால் அவருடைய பென்ஷன் புத்தகத்தைத் தேடுங்கள், அல்லது அப்பத்தாவின் குடும்பப் பென்ஷன் காகிதம். அதிலுள்ள எண்ணைக் குறிப்பிட்டு மதுரைக் கோட்டத்துக்கு எழுதிக் கேட்கலாம். மதுரைக் கோட்டம் 1956ல் வந்தது. அதற்கு முந்தைய காகிதம் கிடைப்பது கஷ்டம்.

தங்கச்சிமடம் அக்கா:

தம்பி, எங்க அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவங்க. புயல் அன்றைக்கு அவங்களுக்கு ஒன்பது வயது. உங்கள் கேள்வியை அவங்களுக்குப் படித்துக் காட்டினேன். புயலைப் பற்றிக் கேட்கவில்லை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாங்க. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கடிகாரம் யார் வீட்டிலும் கிடையாது. கப்பல் சங்கு ஊதினால் இன்ன நேரம், வண்டிச் சத்தம் கேட்டால் இன்ன நேரம், அவ்வளவுதான். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். ஒன்று கொந்தளித்தால் இன்னொன்றில் வள்ளம் தள்ளுவாங்க, அதனால் முழுப் பட்டினி என்பது குறைவு. கருவாடு காயப்போட்ட மணலுக்குப் பக்கத்திலேயே லைன் போகும். சிப்பம் கட்டி வேகனில் ஏற்றுவாங்க, கொழும்புக்கும் போகும். அங்கிருந்து வருகிறவர்கள் கையில் தேயிலைப் பொட்டலமும் வாசனை சோப்பும் இருக்கும்.

தண்ணீர்தான் ஆச்சரியம். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பு ஏறிவிடும், அப்புறம் வேறு இடம் பார்க்க வேண்டும். இன்றைக்கும் அங்கே இருக்கிற குடும்பங்கள் அப்படித்தான் எடுக்கிறாங்க.

இன்னொன்று சொன்னாங்க. இன்ஜினைச் சுத்தம் செய்து கொட்டுகிற சாம்பலில் பாதி எரிந்த கரித்துண்டு கிடக்கும். பிள்ளைகள் கூடையோடு போய்ப் பொறுக்குவாங்க. அடுப்புக்கு நல்ல கணப்பு. அங்கே பிள்ளைகள் வரக் கூடாது என்று சட்டம். ஆனால் ராத்திரி டூட்டி ஆட்களில் ஒருத்தர், பிள்ளைகள் வருவது தெரிந்தால் விளக்கைத் திருகி வெள்ளை வெளிச்சத்தைச் சாம்பல் மேட்டுப் பக்கம் காட்டுவாராம், சூடான கரியை மிதித்துவிடக் கூடாது என்று. அது உங்க ஐயாதான் என்று நான் சொல்லவில்லை, அம்மாவுக்கும் பெயர் தெரியவில்லை. விளக்கு என்றதும் அவங்களுக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

மண்டபம் கடலோடி:

நல்ல இழை. ஒன்று சேர்க்கிறேன். தனுஷ்கோடியில் இப்போது நிற்கிற சுவர்களை, முக்கியமாக அந்தத் தேவாலயச் சுவரை, பக்கத்தில் போய்ப் பாருங்கள். செங்கல் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் முருகைக் கல், அதாவது பவளப்பாறை. கல்லின் முகத்தில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள் தெரியும்.

எங்கள் பாட்டன் காலத்தில் அது பெரிய தொழில். நீர் வற்றும் நேரம் பார்த்துத் தீவு ஓரத்தில் இறங்கி, கடப்பாரையால் நெம்பி எடுத்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வீடு கட்டக் கொஞ்சம், சுண்ணாம்புக் காளவாசலுக்கு மீதி. பின்னால் ஆலைகளுக்கும் போயிற்று. ரயில் ஊர் என்று நீங்கள் சொல்கிறீர்கள், எங்களுக்கு அது கடலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிக் கட்டிய ஊர். அதற்கு விலையும் கொடுத்தோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பார்கள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாறையை வெட்டியதால் அலைக்குத் தடுப்பு இல்லாமல் போனது முக்கியமான காரணம். 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2001ல் பவளத்தைத் தொடவே கூடாது என்று சட்டம் வந்தது. இப்போது தடுப்புப் பாறை இருக்கிற தீவுக்கும் இல்லாத தீவுக்கும் கரை அரிப்பில் உள்ள வித்தியாசம் படகில் போனாலே தெரியும்.

பாம்பன் பாலமும் அந்தப் புயலில் மொத்தமாகப் போய்விட்டது, சமீபம் வரை இருந்தது பிறகு கட்டியது என்று கேள்விப்பட்டேன். சரியா, கார்டு ஐயா?

பழைய கார்டு:

முழுக்க அப்படி இல்லை. தூண்களின் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் 145 இரும்புக் கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. தூண்கள் நின்றன, கப்பலுக்காகத் திறக்கும் நடுப் பகுதியும் தப்பியது. அது ஷெர்சர் என்பவரின் முறைப்படி செய்த தூக்குப் பாலம். இரண்டு கை, ஒவ்வொன்றும் 415 டன். ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். சீர்செய்ய ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள், ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் பொறுப்பேற்று 46 நாளில் முடித்தார். விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே எடுத்துத் திரும்பப் பூட்டினார்கள். பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டவர் அவர்தான். 2007ல் அகலப் பாதையாகி, 2022 டிசம்பர் வரை அதே பாலத்தில் வண்டி ஓடியது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது.

பாலத்தைச் சீர்செய்தவர்கள் தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவில்லை. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து 11.55க்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியை ஊரை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கணக்கில் வந்தவர்கள் 115 பேர், அதில் ஐந்து பேர் எங்கள் ஆட்கள். அந்த ஐந்து பேருக்கும் உங்கள் ஐயா வழக்கமாக விளக்குக் காட்டி வண்டியை உள்ளே வாங்கியவர். அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, தம்பி.

இன்னொரு தேதியும் எனக்கு மறக்காது. அதே வருசம் அக்டோபர் 30ல்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். மலைத் தோட்டத்து ஜனத்தில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று கையெழுத்தானது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் எந்த வாசல் வழியாகப் போனார்களோ அந்த வாசலே இல்லை. திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். ராமானுஜம் என்ற கப்பல். அவர்களை மண்டபம் கேம்ப்புக்கும் அங்கிருந்து ஊர் ஊருக்கும் கொண்டுபோன வண்டிகளில் நான் கார்டாகப் போயிருக்கிறேன். பிறந்ததிலிருந்து நம் பக்கத்தைப் பார்த்தேயிராத பிள்ளைகள், தட்டையான தரையை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

பாம்பன் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. எழுதத் தாமதமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். சின்ன வயதில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் குலுங்கிக் குலுங்கி மணலிலும் தண்ணீரிலும் போனது ஞாபகம். 2017லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலைதான், அப்பாவுக்குச் சிரமமில்லை.

ஸ்டேஷன் இடிபாட்டுக்கு முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். கார்டு ஐயா எழுதியதை அங்கேயே போனில் படித்துக் காட்டினேன். பாயிண்ட்டில் விரலை விட்டுப் பார்ப்பது பற்றி வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஐயாவும் வீட்டில் கதவைத் தாழ் போடும் முன் தாழ்ப்பாள் துளையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம். இத்தனை நாளும் ஏன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா சுவர்க் கல்லிலும் விரலை வைத்துப் பார்த்தார். கடலோடி அண்ணன் சொன்ன கண்கள் அப்படியே தெரிந்தன.

அக்கா, அடுத்த முறை ஊருக்கு வரும்போது விளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மாவைப் பார்க்க வரலாமா?

கார்டு ஐயாவிடம் ஒரு கேள்வி. விளக்கை ஒரு தரம் ஏற்றிப் பார்க்க ஆசை. கீறல் விழுந்த பச்சைக் கண்ணாடியை மாற்ற வேண்டுமா? திரி எங்கே கிடைக்கும்?

தங்கச்சிமடம் அக்கா:

கேட்கவே வேண்டாம், வாங்க. சாயங்காலமாக வாங்க, இருட்டினால்தான் அம்மாவுக்கு அடையாளம் தெரியும்.

பழைய கார்டு:

கண்ணாடியை மாற்ற வேண்டாம், கீறலால் வெளிச்சம் குறையாது. எண்ணெய்த் தொட்டியில் துரு ஓட்டை இருக்கிறதா என்று முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நன்றாகக் காயவிடுங்கள். உருளை இறுகியிருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும், நெம்ப வேண்டாம். பழைய திரியைத் தூக்கிப் போடாமல் அளவுக்குக் கொண்டுபோங்கள், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துப் பழைய பாத்திரக் கடைகளில் கேட்டால் நாடாத் திரி கிடைக்கும். புதுத் திரியை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நுனியின் இரு மூலைகளையும் லேசாக வெட்டிவிட்டு ஏற்றுங்கள். மூலையை வெட்டாவிட்டால் புகை பிடித்துக் கண்ணாடி கறுத்துவிடும்.